தொட்டியில் ஐந்து நாள் தண்ணி: ஆஸ்திரேலிய மாட்டுப் பண்ணையும் ஒரு குட்டி விமானமும்

'ஸ்டேஷன்' என்றால் நமக்கு ரயில்வே ஸ்டேஷன் ஞாபகம் வரும், இல்லன்னா போலீஸ் ஸ்டேஷன். ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல்லுக்கு மூணாவதா ஒரு அர்த்தம் உண்டு: மாட்டுப் பண்ணை. பண்ணைன்னதும் வேலி போட்ட பத்து ஏக்கரை நினைச்சுக்காதீங்க. தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் அன்னா கிரீக் ஸ்டேஷனின் பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஒரே ஒரு பண்ணை! வீட்டு வாசலில் கிளம்பி பண்ணையின் மறுகோடிக்குப் போவதே ஒரு ஊர்ப்பயணம்.

இந்த மாதிரி இடங்களில் ஷெட்டுக்குள் டிராக்டர், லாரி, பைக்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய செஸ்னா விமானமும் நிற்கும். பணக்காரத்தனம் இல்லை. நம்ம ஊர் விவசாயிக்கு டிவிஎஸ் எக்ஸ்எல் எப்படியோ, அவங்களுக்கு இது அப்படி. இந்த இதழின் 'பராமரிப்புப் பொறியியல்' பாடத்துக்கு அந்த விமானத்தை எடுத்துக்கிட்டதுக்குக் காரணம் இருக்கு. ஒரு பொருள் பழுதாகிறதுக்கும், அது பழுதாகிறது என்று நமக்குத் தெரியறதுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கு என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் தண்ணிக் கணக்கு

விமானத்துக்கு முன்னாடி தண்ணித் தொட்டியைப் பார்த்துடுவோம். விமானமே அதுக்காகத்தான் இருக்கு.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் ஆற்றை நம்பி மாடு வளர்க்க முடியாது. நிலத்தடி நீர்தான் கதி. கிரேட் ஆர்ட்டீஷியன் பேசின் என்ற நிலத்தடி நீர்ப்படுகை ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. அந்தக் கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதில் போர் போட்டு, காற்றாலையோ டீசல் பம்போ சோலார் பம்போ வைத்துத் தண்ணியை மேலே கொண்டுவந்து, ஒரு பெரிய தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து மிதவை வால்வு வழியாக மாடு குடிக்கும் நீளத் தொட்டிக்கு விடுவார்கள். மாடுகள் அந்தத் தண்ணியைச் சுற்றியே மேயும்.

இப்போ ஒரு கணக்கு. எண்கள் நானே எடுத்துக்கிட்டவை. உண்மைக்கு அருகில் இருக்கும்படி எடுத்திருக்கேன். ஒரு போரைச் சுற்றி 200 மாடு. ஒரு மாடு ஒரு நாளைக்கு 50 லிட்டர். ஆக 10,000 லிட்டர். சேமிப்புத் தொட்டி 50,000 லிட்டர். பம்ப் இன்னைக்கு நின்னுபோச்சுன்னா தொட்டி வற்ற ஐந்து நாள். பம்பைச் சரிசெய்ய, சாமான் எடுத்துக்கிட்டுப் போய்ச் சேர்ந்து, குழாயை உருவி, திரும்ப இறக்கி ஓடவைக்க, இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் மூணு நாள்தான். அதாவது ஒவ்வொரு போரையும் மூணு நாளைக்கு ஒரு தடவையாவது யாராவது கண்ணால் பார்த்தே ஆகணும். நாலு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால்? நீங்க பார்த்துட்டுத் திரும்பின மறுநிமிஷமே பம்ப் நின்றால், அடுத்த தடவை வந்து கண்டுபிடித்து ஆள் கூட்டிவந்து சரிசெய்து முடிக்கும்போது ஆறாவது நாள். ஐந்தாம் நாளே தொட்டி காலி.

கடும் கோடையில் கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு 80 லிட்டர் வரைகூடக் குடிக்கும். அந்த எண்ணைப் போட்டுப் பாருங்க: ஒரு நாளைக்கு 16,000 லிட்டர். ஐந்து நாள் மூணு நாளாகச் சுருங்குது. பழுது பார்க்கும் இரண்டு நாளைக் கழித்தால் ஒரே ஒரு நாள். தினமும் எல்லா போரையும் பார்க்கணும்! பன்னிரண்டு போர், மண்ரோட்டில் சுற்றி வந்தால் 300 கிலோமீட்டர், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஓட்டுறதுக்கு மட்டுமே ஏழரை மணி நேரம். நடுவில் கேட்டு கேட்டா இறங்கித் திறந்து மூடணும். மழை பெய்தால் ரோடே கிடையாது. அதே பன்னிரண்டு போரையும் நேர்க்கோட்டில் பறந்து பார்த்தால் சுமார் 200 கிலோமீட்டர். செஸ்னா 172 மணிக்கு 200 கிலோமீட்டர் போகும். ஒரு மணி நேரத்தில் காலைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிடலாம். விமானம் ஏன் என்ற கேள்விக்கு இதுதான் விடை. (வழிதவறின மாட்டைத் தேடுவது, வேலியைப் பார்ப்பது, மாடுகளை ஒரு பக்கமா ஓட்டிச் சேர்ப்பது எல்லாம் உண்டு. மாடு ஓட்டுவதற்கு இப்போது பெரும்பாலும் ராபின்சன் ஆர்22 மாதிரிச் சின்ன ஹெலிகாப்டர்கள்.)

மேலேயிருந்து என்ன தெரியும்? தண்ணி பளபளக்கும். மிதவை ஒட்டிக்கிட்டால் தொட்டி வழிந்து சுற்றிலும் சேறு கருத்திருக்கும். தொட்டி காய்ந்தால் மாடுகள் மேயப் போகாமல் அதைச் சுற்றியே நெருக்கியடிச்சு நிற்கும். அந்தக் கூட்டம்தான் எச்சரிக்கை மணி.

நம்பகத்தன்மைப் பொறியியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பி-எஃப் இடைவெளி. கோளாறு முதன்முதலில் கண்டுபிடிக்கக்கூடிய நிலைக்கு வரும் புள்ளி பி. வேலை உண்மையாகவே நின்றுபோகும் புள்ளி எஃப். இரண்டுக்கும் நடுவில் உள்ள காலம்தான் நம்ம கையில் இருக்கும் காலம். சோதனைக்கும் சோதனைக்கும் உள்ள இடைவெளி அதைவிடக் குறைவாக இருக்கணும். பாதியாக வைப்பது பொதுப் பழக்கம். புத்தகத்தில் இது ஒரு வளைகோடு. பண்ணையில் அது தொட்டியில் இருக்கும் தண்ணி.

இப்போ இதே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விமானத்தைப் பார்ப்போம்.

5.2 லிட்டர் எஞ்சின், வெறும் 160 குதிரைத்திறனா?

எழுபதுகளின் கடைசியில் வந்த செஸ்னா 172-இல் லைகமிங் ஓ-320 எஞ்சின் இருக்கும். நாலு சிலிண்டர், எதிரெதிராகப் படுத்திருக்கும், காற்றுதான் குளிரூட்டி. கொள்ளளவு 5.2 லிட்டர். திறன் 160 குதிரைத்திறன். இன்றைய 1.2 லிட்டர் கார் எஞ்சினே 80-க்கு மேல் கொடுக்கும்போது, இது ஏன் இப்படி மந்தம்?

காரணம் ப்ரொப்பெல்லர். இந்த எஞ்சினில் கியர்பெட்டி கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலேயே ப்ரொப்பெல்லர் போல்ட் போட்டு மாட்டியிருக்கு. அதன் விட்டம் 75 அங்குலம், அதாவது 1.9 மீட்டர். அதிகபட்ச வேகம் 2,700 ஆர்பிஎம், வினாடிக்கு 45 சுற்று. நுனியின் வேகம் 3.14 × 1.9 × 45, ஏறக்குறைய 269 மீட்டர். ஒலியின் வேகம் 340 மீட்டர். கார் எஞ்சின் மாதிரி 4,500 ஆர்பிஎம்மில் சுற்றினால் நுனி 450 மீட்டரைத் தொடும். ஒலியைத் தாண்டிவிடும், சத்தம் காதைப் பிளக்கும், இழுவை பாழாப்போகும். அதனால் மெதுவாகச் சுற்றணும். மெதுவாகச் சுற்றித் திறன் வேணும்னா கொள்ளளவு பெரிசா இருக்கணும்.

இந்த மந்தத்தில்தான் பண்ணைக்காரனின் அதிர்ஷ்டம் இருக்கு. குறைந்த வேகம், குறைந்த அழுத்த விகிதம், கம்ப்யூட்டர் இல்லை, தண்ணிக் குளிரூட்டி இல்லை. கோளாறுகள் மெதுவாக வளரும். பி-யும் எஃப்-உம் தள்ளித் தள்ளி இருக்கும்படி கட்டப்பட்ட எஞ்சின் இது என்றே சொல்லலாம். 1956-இலிருந்து 44,000-க்கும் மேல் செஸ்னா 172 கட்டப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. பேட்டரி செத்துப்போனாலும் எஞ்சின் ஓடும். காந்தம் சுழலும்வரை தீப்பொறி வரும். ஒரு மேக்னெட்டோ கெட்டாலும் மற்றது காப்பாற்றும்.

ஆனா இங்கதான் ஒரு சிக்கல். ஒன்று கெட்டாலும் எஞ்சின் ஓடுது என்றால், ஒன்று கெட்டிருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்! இரட்டைப் பாதுகாப்பு கோளாறை மறைக்கும். அதனால்தான் ஒவ்வொரு பறப்புக்கும் முன் 1,700 ஆர்பிஎம்மில் வைத்து, சாவியைத் திருப்பி, ஒவ்வொரு மேக்னெட்டோவையும் தனியாக ஓடவைத்துப் பார்ப்பார்கள். 172-இன் கையேட்டில் உள்ளபடி வேகம் 125 ஆர்பிஎம்முக்கு மேல் விழக்கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50-ஐத் தாண்டக்கூடாது. விழுந்து, கூடவே எஞ்சின் உதறினால் பெரும்பாலும் ஒரு பிளக் அழுக்கு. விமானப் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள். அந்த ஈயம் கீழ்ப்பக்கப் பிளக்குகளில் படியும். கலவையைச் சற்று மெலிதாக்கிக் கொஞ்ச நேரம் வேகமாக ஓடவிட்டால் எரிந்து போகலாம். போகலையா, கழற்றிச் சுத்தம் செய்யணும்.

வேகம் கொஞ்சங்கூட விழவில்லை என்றால்? சந்தோஷப்படாதீங்க. அதுதான் ரொம்ப ஆபத்து. மேக்னெட்டோவை நிறுத்துவது என்றால் அதன் முதன்மைச் சுருளை எர்த் செய்வது. அந்த எர்த் கம்பி அறுந்திருந்தால் சாவி 'ஆஃப்'பில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். ஷெட்டில் யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் லேசாகத் தள்ளினால், சிலிண்டருக்குள் ஒட்டியிருக்கும் கொஞ்சம் பெட்ரோல் ஆவி போதும், ஒரு வெடிப்பு, கை போயிடும். வீட்டு வயரிங்கில் கம்பி அறுந்தால் விளக்கு அணையும். இங்கே கம்பி அறுந்தால் விளக்கு அணையவே மாட்டேங்குது. அதனால் சில பைலட்டுகள் நிறுத்துறதுக்கு முன், எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு கணம் சாவியை 'ஆஃப்' பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். எஞ்சின் சாகப் போகிற மாதிரித் தடுமாறினால் நல்ல செய்தி.

ஒரு கீறல், ஒரு அரம்

பண்ணையின் ஓடுபாதை தார் போட்டது இல்லை, சரளை மண். ப்ரொப்பெல்லர் ஒரு பெரிய வாக்யூம் கிளீனர் மாதிரிக் கல்லை மேலே இழுக்கும். கல் பட்ட இடத்தில் முன்விளிம்பில் ஒரு சின்னக் குழி. பார்க்க நகக்கீறல் அளவுதான்.

'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தில் தகைவுச் செறிவு படித்தது ஞாபகம் இருக்கா? கூர்மையான பள்ளத்தின் அடியில் தகைவு பல மடங்கு ஏறும். ப்ரொப்பெல்லர் இலை மைய விலக்கு விசையில் இழுபடுது, ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அதிருது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுழற்சி. அந்தக் குழியின் அடியிலிருந்து விரிசல் கிளம்பும். கிளம்பின பிறகு எப்போது இலை முறியும் என்று யாராலும் நம்பிச் சொல்ல முடியாது. இலையின் நுனி பறந்துபோனால், சமநிலை இழந்த சுழற்சியே எஞ்சினை அதன் தாங்கியோடு பிய்த்துவிடும்.

ஆக, இங்கே பி எது? விரிசலை நம்பினால் தாமதம். குழியையே பி என்று எடுத்துக்கணும். ஒவ்வொரு காலையும் இலையின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பது அதுக்குத்தான். மருந்து வேடிக்கையா இருக்கும்: உலோகத்தை இன்னும் கொஞ்சம் எடுத்துவிடுவது! நைஸ் அரத்தால் குழியை அகலமாக, வழவழப்பான கிண்ணம் மாதிரி ராவி, உப்புத்தாளால் மெருகேற்றுவார்கள். கூர்மை போனால் தகைவு பரவிவிடும். எவ்வளவு ஆழம், இலையின் எந்தப் பகுதியில் என்பதற்கு ப்ரொப்பெல்லர் தயாரிப்பாளரின் அளவுகள் உண்டு. இதை உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்தான் செய்யணும். ஆரம்பத்திலேயே தடுக்க பைலட் செய்வது ஒன்றுதான்: சரளை மேல் நின்ற இடத்தில் எஞ்சினை முடுக்காமல், விமானம் உருள ஆரம்பித்த பிறகு மெல்ல மெல்ல முழு வேகம் கொடுப்பது. கல் பின்னால் போயிடும்.

டிரம் பெட்ரோல்

பண்ணையில் பெட்ரோல் பங்க் ஏது? 200 லிட்டர் டிரம்களில் வரும். விமானப் பெட்ரோலுக்கு நீல நிறம் போட்டிருப்பார்கள். டிரம்மை நிமிர்த்தி வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? பகலில் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் சீல் வழியே கசியும். இரவில் குளிர்ந்து உள்ளிழுக்கும். மூடி மேல் மழைத்தண்ணி தேங்கியிருந்தால் அதையும் சேர்த்து உறிஞ்சும். டிரம் மூச்சு விடுது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் படுக்கவைத்து, இரண்டு மூடியும் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடத்தில் வருவது மாதிரி வைப்பார்கள். மூடிகள் பெட்ரோலுக்குள் முங்கியிருக்கும். காற்றும் தண்ணியும் உள்ளே போக வழியில்லை.

பயன்படுத்தும்போது டிரம்மை நிமிர்த்தி, ஒரு பக்கம் கட்டை வைத்துச் சாய்த்து, படிய விடணும். தண்ணி கனம், தாழ்ந்த பக்கம் போய்ச் சேரும். மேட்டுப் பக்கத்திலிருந்து, அடியைத் தொடாமல், வடிகட்டி வழியே பம்ப் செய்யணும். கடைசி சில லிட்டரை விட்டுவிடுவார்கள். விலை உயர்ந்த பெட்ரோல் ஆச்சேன்னு வயிறு எரியும். எரியட்டும். பிறகு இறக்கையின் அடி வால்விலிருந்து கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கணும். தண்ணி இருந்தால் அடியில் நிறமில்லாத குமிழியாக நிற்கும். ஒரு சூட்சுமம்: குப்பி முழுக்கத் தண்ணியாக இருந்தால் பிரிவுக்கோடே தெரியாது, 'சுத்தமா இருக்கு' என்று தோன்றும். அதான் வெள்ளைப் பின்னணியில் நீலம் தெரியுதா என்று பார்த்து, மோந்தும் பார்க்கணும்.

தண்ணி கலந்த பெட்ரோலுக்குப் பி-எஃப் இடைவெளி கிட்டத்தட்டப் பூஜ்யம். கார்புரேட்டருக்குத் தண்ணி வந்த அடுத்த நொடி எஞ்சின் நிற்கும். 500 அடியில் நின்றால்? 172 ஒன்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சறுக்கும். 150 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 1.4 கிலோமீட்டர், ஏறக்குறைய 40 வினாடி. இந்தச் சோதனையைத் தரையில் செய்யணும். வேற இடமே கிடையாது.

குப்பியில் பிடிபடாத கோளாறும் உண்டு. 1999 கடைசியில் மெல்போர்ன் பக்கம் ஒரு சுத்திகரிப்பு ஆலையில், அமிலத்தைச் சமன்செய்யச் சேர்க்கும் எத்திலீன் டைஅமீன் என்ற வேதிப்பொருள் சிறு அளவில் விமானப் பெட்ரோலிலேயே தங்கிவிட்டது. வழக்கமான தரச் சோதனைகளில் தேறிவிட்டது. ஆனா அது பித்தளையோடு சேர்ந்து கருப்புப் பிசினாகி எரிபொருள் அமைப்பில் ஒட்டத் தொடங்கியது. 2000 ஜனவரியில் ஆயிரக்கணக்கான சிறு விமானங்கள் தரையிறக்கப்பட்டன. மாடு ஓட்ட, போர் பார்க்க ஒன்றும் பறக்கவில்லை. சோதனை என்பது நீங்க தேடுவதை மட்டும்தான் கண்டுபிடிக்கும். கெமிக்கல் துறை நண்பர்கள் இந்த நிகழ்வை ஒரு செமினாராகவே எடுக்கலாம்.

இன்னொரு எதிரி, குளவி. ஒரு நாள் விமானம் சும்மா நின்றால் போதும், பிட்டோ குழாயிலோ எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயிலோ மண்ணை வைத்து அடைச்சிடும். பிட்டோ அடைத்தால் வேகமானி பொய் சொல்லும். காற்றுக் குழாய் அடைத்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. உறை போட்டு மூடுவதுதான் வைத்தியம். கூடவே டயருக்கு நெருஞ்சி. ஆமாங்க, நம்ம ஊர் நெருஞ்சியேதான், அங்கேயும் தரையெல்லாம் படர்ந்து கிடக்கு.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

பண்ணையில் வளர்ந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. லாரியின் கியர்பெட்டியை மரத்தடியில் பிரிப்பான், பம்பை வெல்டு செய்வான். அதே கையோடு விமானத்தையும் தொட ஆசை வரும். சட்டம் அங்கே ஒரு கோடு போட்டிருக்கு. ஆஸ்திரேலிய விதிகளில் பைலட்டே செய்யக்கூடிய வேலைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு: டயர் மாற்றுவது, சக்கர பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பது, ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது, பேட்டரி மாற்றுவது, அறுந்த லாக் வயரைத் திரும்பக் கட்டுவது இந்த மாதிரி. லாக் வயரிலும் ஒரு விலக்கு: கட்டுப்பாட்டு அமைப்பில் இருக்கும் வயரைத் தொடக்கூடாது. மற்றது எல்லாம் உரிமம் பெற்ற பொறியாளர் வேலை. தவிர 100 மணி நேரம் பறந்தாலோ 12 மாதம் ஆனாலோ, எது முதலில் வருதோ, முழுச் சோதனை.

பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. கஷ்டமான வேலை, சுலபமான வேலை என்று பிரிக்கவில்லை. தப்பாகச் செய்தால் தரையிலேயே தெரிந்துவிடுமா, ஆகாயத்தில்தான் தெரியுமா என்று பிரித்த மாதிரி எனக்குத் தோணுது. டயரைத் தப்பா மாட்டினால் உருளும்போதே தெரியும். எலிவேட்டர் கேபிளைத் தப்பா மாட்டினால் தரையைவிட்ட பிறகுதான் தெரியும்.

மணிக்கணக்கும் அப்படித்தான். ஆர்22 ஹெலிகாப்டரை 2,200 மணி நேரத்தில் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கணும். பண்ணையில் தினமும் காலையிலிருந்து மாட்டுக்குப் பின்னால் சுற்றும் ஹெலிகாப்டரில் அந்த எண் வேகமாக வரும். யாராவது ஏட்டில் மணியைக் குறைத்து எழுதினால், தொட்டியில் இருக்கும் தண்ணியைக் கூட்டிச் சொன்ன மாதிரி. மாடு ஏமாறும், விரிசல் ஏமாறாது.

கூக்கபரா

1929 ஏப்ரலில் நடந்தது இது. கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்தின் 'சதர்ன் கிராஸ்' விமானம் வடமேற்கு ஆஸ்திரேலியாவில் காணாமல் போனது. அதைத் தேட கீத் ஆண்டர்சனும் மெக்கானிக் பாப் ஹிட்ச்காக்கும் 'கூக்கபரா' என்ற சின்ன வெஸ்ட்லண்ட் விட்ஜன் விமானத்தில் கிளம்பினார்கள். வரும் வழியிலேயே எஞ்சினில் ஒரு புஷ்ராடு தளர்ந்து, இறங்கி, சரிசெய்து, தொடர்ந்தார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வேவ் ஹில் மாட்டுப் பண்ணையை நோக்கி ஏப்ரல் 10 அன்று புறப்பட்டபோது அதே கோளாறு திரும்பவும் வந்தது. தனாமி பாலைவனத்தில், புதர்க்காட்டில் இறங்கினார்கள்.

விமானம் உடையவில்லை. எஞ்சினையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனா புதருக்குள்ளிருந்து மேலெழும்ப ஓடுபாதை இல்லை. புதரை வெட்டி, எரித்து, வழி உண்டாக்கப் பார்த்தார்கள். கையில் தண்ணி மிகக் குறைவு. ஆண்டர்சன் நாட்குறிப்பை விமானத்தின் சுக்கான் துணியில் எழுதி வைத்தார். ஏப்ரல் 21 அன்று குவாண்டாஸ் பைலட் லெஸ்டர் பிரெயின் ஆகாயத்திலிருந்து விமானத்தைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. இருவரும் தாகத்தில் இறந்துவிட்டார்கள். தேடப்பட்ட 'சதர்ன் கிராஸ்' ஆட்களோ பிழைத்தார்கள். கூக்கபராவின் சிதைவு பாலைவனத்திலேயே மறந்து கிடந்து, 1978-இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பார்வைக்கு இருக்கிறது.

(வேவ் ஹில் என்ற பெயருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1966-இல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி பழங்குடித் தொழிலாளர்கள் அந்தப் பண்ணையைவிட்டு வெளியேறிப் போராடியதுதான் ஆஸ்திரேலிய நில உரிமை இயக்கத்தின் பெரிய திருப்பம். இந்தப் பண்ணைகள் வெறும் காட்டில் முளைத்தவை இல்லை.)

எஞ்சின் பழுதைப் பற்றி மட்டும் பேசினால் இந்த இருவரும் ஜெயித்தவர்கள். அவர்கள் சுமந்துபோன பி-எஃப் இடைவெளி எஞ்சினுடையது இல்லை, தண்ணிப் பாத்திரத்தினுடையது. புஷ்ராடு முதல் தடவை தளர்ந்ததே பி. ஏன் தளர்ந்தது என்ற கேள்விக்கு விடை காணாமல் நட்டை இறுக்கினால், கடிகாரம் நின்ற மாதிரித் தெரியும். உள்ளே ஓடிக்கிட்டேதான் இருக்கும். இன்று பண்ணை விமானத்தில் சீட்டுக்குப் பின்னால் தண்ணிக் கேன் இருக்கும். செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் இடம் சொல்லும் பீக்கன் இருக்கும். இறங்கிவிட்டால் விமானத்தைவிட்டு நடந்து போகாதே என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விதி. மனிதனைவிட இறக்கை மேலேயிருந்து நல்லாத் தெரியும்.

ஓடுபாதையும் ஒரு இயந்திரம்தான்

வீட்டுக்குப் பக்கத்து ஓடுபாதை பண்ணை விமானத்துக்கு மட்டும் இல்லை. ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். ஆளுக்கு உடம்பு முடியலை என்றால் டாக்டர் இறங்குவது இந்த மண்பாதையில்தான். ராத்திரியில் வந்தால், கழிவறைத் தாள் சுருளை டீசலில் ஊறவைத்து, தகர டப்பாக்களில் வைத்துக் கொளுத்தி வரிசையாக விளக்கு ஏற்றுவதும் உண்டு.

பாதையும் மெதுவாகத்தான் கெடும். கரையான் புற்று எழும்பும், மழைக்குப் பிறகு ஒரு இடம் பொதபொதன்னு ஆகும், கங்காரு மண்ணைப் பறித்துப் போட்டிருக்கும். வெயில் வேற. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சுமார் 1,790 அடி உயரத்தில் இருக்கு. வெப்பம் 40 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 5,200 அடியில் இருப்பது மாதிரி மெலிந்துவிடும். எஞ்சினுக்கும் இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் மூணுக்குமே நஷ்டம். காலையில் போதுமாக இருந்த அதே பாதை மத்தியானம் போதாது. போர் பார்க்கக் கிளம்புபவர்கள் விடியற்காலையில் கிளம்புவதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை.

பாதை நல்லா இருக்கா என்று சோதிக்கக் கருவி வேண்டாம். ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு ஆணையத்தின் பழைய வழிகாட்டி ஏடு ஒன்று சொல்லும் முறை இது: கெட்டியான ஸ்பிரிங் உள்ள ஒரு வண்டியை எடுங்க. ஓடுபாதையில் மணிக்கு 75 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுங்க. உட்கார்ந்திருப்பவருக்கு உடம்பு நோகாமல் போனால் பாதை சரி. நோகுதுன்னா கிரேடரை வெளியே எடுக்கணும், டாக்டருக்கு ரேடியோ போடுற நாள் வர்றதுக்கு முன்னாடி.